எந்த ஈட்டில் பிழை? சிவகாசி ராக்கெட்டும் மாடல் ராக்கெட் மோட்டாரும்

எங்கள் ஊர் மேலநீலிதநல்லூரில் தீபாவளி பெரும்பாலும் ஈரத்தோடுதான் வரும். ஐப்பசி பிறந்ததும் கரிசல் மண் கறுத்து, தெருவோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றுவிடும். அப்படியொரு தீபாவளி இரவில் எங்கள் தெருப் பிள்ளைகள் காலிப் பாட்டிலில் ராக்கெட்டை நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பத்து. ஒன்பது ஒழுங்காக மேலே போயின. பத்தாவது ஓர் ஆள் உயரம்கூட ஏறவில்லை. சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, தெருவைக் கடந்து, மாட்டுத் தொழுவத்தை ஒட்டியிருந்த வைக்கோல் படப்பில் போய்ச் செருகிக்கொண்டது. படப்பின் மேல்பாகம் மழையில் நனைந்திருந்ததால் இரண்டு குடம் தண்ணீரோடு முடிந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். "என்ன அண்ணாச்சி, நேத்து வாங்குன ராக்கெட்டுல ஒண்ணு படப்புல போய்ச் சொருகிட்டே" என்றேன். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. "நமத்துப் போயிருக்கும் தம்பி. மழைல்லா. வேற பெட்டி எடுத்துக்கிடுங்க, காசு வேண்டாம்" என்று சொல்லி, ஒரு பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவருடைய நல்ல மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாற்றுப் பெட்டி, முதல் பெட்டி வந்த அதே அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது.

நமத்த மருந்து பற்றாது, பற்றினாலும் சோம்பலாக எரியும். எங்கள் ராக்கெட் சோம்பலாக எரியவில்லை, வெறிபிடித்ததுபோல் எரிந்தது. காரணம் ஈரம் அல்ல என்றால் வேறு என்ன? அதே அட்டைப்பெட்டியில் இன்னும் எத்தனை குழாய்களில் அந்தக் காரணம் உட்கார்ந்திருக்கிறது? இதைக் கேட்க எனக்கு வழியில்லை, பதில் சொல்ல அண்ணாச்சிக்கும் வழியில்லை. அமெரிக்காவில் மாடல் ராக்கெட் விடும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த வழி இருக்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சிவகாசியின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று தொழில் வளர்ந்து, 1940களில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் வந்தன. மழை பொய்க்கும் கரிசல் பூமிக்கு அது பிழைப்பானது. சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் வழியாகச் சிவகாசி போகும் சாலையில் போனால், அந்தப் பிழைப்பு நம் தாலுகாக்கள் வரை நீண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மாடல் ராக்கெட்டின் தாய்வீடும் பட்டாசுக் கொட்டகைதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கையில் பிரியம். அவர் 1954 இல் வாண மோட்டாரை ஒரு காகித ராக்கெட்டுக்குள் பொருத்தி, பாராசூட்டில் இறங்கச் செய்தார். 1957 இல் ஸ்புட்னிக் பறந்தபின், அந்த நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் தாங்களே மருந்து கலக்கி விரலையும் கண்ணையும் இழக்கத் தொடங்கினார்கள். ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்த ஹாரி ஸ்டைன் என்பவர் கார்லைலோடு சேர்ந்து ஒரு விதியை முன்வைத்தார்: ராக்கெட்டைப் பிள்ளைகள் செய்யட்டும், மோட்டாரை ஆலை செய்யட்டும். மோட்டார் செய்துதர ஆள் தேடியபோது கிடைத்தவர் டென்வரில் பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை, வெர்னான் எஸ்டெஸ். 1959 இல் அவர் கட்டிய, காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரத்துக்கு மேபெல் என்று பெயர். ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டாரை அது அழுத்தித் தள்ளியது.

உறவு இத்தனை நெருக்கமாக இருப்பதால் உள்ளுறுப்புகளும் ஒத்தே இருக்கின்றன. இரண்டிலும் உருட்டிய காகிதக் குழாய், அடியில் நடுத்துளையோடு களிமண் அடைப்பு, உள்ளே வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்து. சிவகாசி ராக்கெட்டில் மருந்தின் நடுவே நெடுக ஒரு பொந்து இருக்கும். பொந்தின் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றுவதால் உந்தல் சுருக்கமாகவும் வேகமாகவும் வரும். மாடல் ராக்கெட்டின் சிறு மோட்டாரில் பொந்து அநேகமாக அடிப்பகுதியோடு நின்றுவிடும். முதலில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பிறகு சிகரெட் மாதிரி நுனியிலிருந்து நிதானமாக எரிந்துகொண்டு போகும். மருந்து தீர்ந்ததும் உந்தல் இல்லாத தாமத மருந்து சில விநாடி புகையும். கடைசியில் சிறு வெடிப்பு முன்பக்கமாகத் தள்ளிப் பாராசூட்டை வெளியே எடுக்கும்.

இந்தக் கடைசி உறுப்புத்தான் இரண்டின் தலைவிதியையும் பிரிக்கிறது என்பது என் எண்ணம். நம் ராக்கெட் மேலே போய் வெடித்துச் சிதறும். மிஞ்சுவது குச்சி மட்டும், அது யார் வீட்டு ஓட்டின் மேலோ விழும். மாடல் ராக்கெட் திரும்பி வருகிறது. எரிந்து முடிந்த குழாய் கைக்கு வருகிறது. நன்றாக எரிந்ததா, வாய் பிய்ந்ததா, பக்கம் கிழிந்ததா என்பதைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு தொழிலில் தடயம் எரிந்துபோகிறது, இன்னொன்றில் தடயம் வீட்டுக்கு வருகிறது. கணக்கு வைக்கும் பழக்கம் எந்தத் தொழிலில் முளைத்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் குழாயின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். சி6-5 என்று ஒரு குறி இருக்கும். சி என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது. 5 நியூட்டன் விநாடிக்கு மேல், 10க்குள். 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில். 5 என்பது தாமத விநாடி. இந்த மூன்றும் குழாய் கொடுக்கும் வாக்குறுதிகள். அதே குழாயில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது தயாரித்த நாளின் குறி. வாக்குறுதி பொய்த்தால் எந்த நாளைக் கேட்பது என்பதை அது சொல்கிறது. பெட்டி குப்பைக்குப் போனாலும், கை மாறினாலும், பத்து வருடம் அலமாரியில் கிடந்தாலும் அந்தக் குறி குழாயை விட்டுப் பிரிவதில்லை.

நம் ராக்கெட் பெட்டியில் எதுவும் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, விலை எல்லாம் சட்டப்படி இருக்கும். பசுமைப் பட்டாசு வந்த 2019க்குப் பிறகு கியூஆர் குறியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் எல்லாம் பெட்டியின் மேல். தீபாவளி இரவு ஏழு மணிக்குப் பெட்டி கிழிகிறது, எட்டு மணிக்கு அதுவும் கொளுத்தப்படுகிறது. கடையில் சில்லறையாக விற்றால் ராக்கெட் பெட்டியைப் பார்க்காமலே கைக்கு வருகிறது. பிழை நடக்கும் நேரத்தில் எண் அங்கே இல்லை.

மருந்துக்கடை மாத்திரை அட்டையில் பேட்ச் எண் என்று பார்க்கிறோம். பேட்ச் என்பதற்கு நம் சமையலறையில் எவ்வளவோ காலமாக ஒரு சொல் இருக்கிறது: ஈடு. ஒரு தடவை கொப்பரையில் ஏற்றி இறக்குவது ஓர் ஈடு இட்லி. ஒரே மாவு, ஒரே தண்ணீர், ஒரே தீ. முதல் ஈடு கல்லாக வந்தால் வீட்டுப் பெண்கள் இரண்டாம் ஈட்டுக்கு மாவில் தண்ணீர் தெளித்துக் கலக்குவார்கள், அல்லது அடுப்பைக் கூட்டுவார்கள். ஓர் இட்லியைக் குற்றம் சொல்லி யாரும் தூக்கி எறிவதில்லை. அந்த ஈட்டில் மற்ற இட்லிகள் எப்படி என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்றில் தெரிந்த பிழையிலிருந்து அதன் கூடப்பிறந்தவற்றைச் சந்தேகிக்கும் அந்த அறிவைத்தான் மோட்டார் ஆலையும் விண்வெளி நிறுவனமும் பெரிய அளவில் செய்கின்றன.

அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கம் இதற்கென்றே மெஸ் என்ற ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பழுதான மோட்டார்களின் புள்ளிவிவரக் கணக்கெடுப்பு என்பது அதன் விரிவு. மைதானத்தில் யாருடைய மோட்டார் பழுதானாலும் ஒரு படிவம் நிரப்பலாம். தயாரிப்பாளர் யார், எந்த வகை மோட்டார், குழாயில் உள்ள நாள் குறி என்ன, எத்தனை பழுதாயின, எப்படிப் பழுதாயின. அந்தச் சங்கத்தின் சோதனைக் குழு புதிய மோட்டார்களை எரித்துப் பார்த்துச் சான்றளிக்கும் வேலையையும் செய்கிறது. ஆகவே சான்றிதழ் கொடுத்த கைக்கே பழுதின் செய்தியும் திரும்பி வருகிறது.

எப்படிப் பழுதானது என்ற கேள்விக்குப் படிவம் ஒற்றைச் சொல்லை ஏற்பதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். களிமண் வாய் பிய்த்துக்கொண்டு போனதா? மருந்து முழுசாக ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு வெளியே வந்துவிட்டதா? குழாய் பக்கவாட்டில் கிழிந்ததா? தாமதம் கூடுதலா, குறைவா? பாராசூட் வெடிப்பு வரவே இல்லையா? ஒவ்வொன்றும் ஆலையின் ஒவ்வொரு மேஜையைச் சுட்டுகிறது. வாய் பிய்ந்தால் களிமண்ணையும் அதை அழுத்திய விசையையும் பார்க்கவேண்டும். தாமதம் தப்பினால் தாமத மருந்தை. குழாய் கிழிந்தால் காகிதத்தை, இல்லை என்றால் மருந்துக்கும் குழாய்க்கும் நடுவே விழுந்த இடைவெளியை.

அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் வெயிலோடு சம்பந்தப்பட்டது. அழுத்திய கரிமருந்து ஒரு வில்லை. காகிதக் குழாயும் மருந்தும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை, குளிரில் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. சித்திரை வெயிலில் பூட்டிய காரிலோ தகரக் கொட்டகையிலோ கிடந்து, இரவில் ஆறி, மறுபடி காய்ந்தால், மருந்து குழாயின் சுவரை விட்டு மயிரிழை விலகும், அல்லது மருந்திலேயே கீறல் விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பற்றவைத்ததும் தீ நுனியில் நிற்காமல் அந்த விலகலுக்குள் புகுந்து மருந்தின் பக்கத்தையும் பற்றிக்கொள்ளும். எரியும் பரப்பு நொடியில் பெருகும், அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். ஆகவே ஒரு மோட்டார் வெடித்தால் குற்றவாளி ஆலையாகவும் இருக்கலாம், அதை வெயிலில் போட்டவராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல நாள் குறி உதவுகிறது. ஒரே நாளில் செய்த மோட்டார்கள் பல ஊர்களில், பல தட்பவெப்பங்களில், ஒரே மாதிரி வெடித்தால் பிழை ஆலையில். ஒருவர் கையிருப்பு மட்டும் வெடித்து, அதே நாள் குறி உள்ளவை மற்றவர்களிடம் ஒழுங்காக எரிந்தால் பிழை அவர் வீட்டுக் கொட்டகையில்.

நம் பக்கத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமில்லாமல் செய்பவை இரண்டு சொற்கள். தெருவில் ராக்கெட் பழுதானால் "நமத்துப் போச்சு". ஆலையில் விபத்து நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் "உராய்வு காரணமாக". இரண்டும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஐப்பசி ஈரமும் உண்மை, உராய்வில் மருந்து பற்றுவதும் உண்மை. ஆனால் அந்தச் சொல் உச்சரிக்கப்பட்டதும் விசாரணை படுத்துவிடுகிறது. எந்த மருந்து உராய்ந்தது? அது எப்போது கலந்தது? காலையில் கலந்ததா, முந்தைய நாள் மிச்சமா? அந்தக் கலவைக்கு வந்த அலுமினியத் தூள் எந்த மூட்டை? இரவில் ஈரம் பட்டு உள்ளுக்குள் சூடேறிய மருந்தாக இருந்தால், கையின் உராய்வு கடைசித் துரும்புதான்.

இந்த இடத்தில் இரண்டு தொழில்களையும் சமமாக எடைபோடுவது நியாயமாகாது. மாடல் ராக்கெட் கணக்கு பயன்படுத்துகிறவரைப் பார்த்து நிற்கிறது. சிவகாசியின் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் உழைக்கிறவரைப் பார்த்து நிற்கின்றன, நிற்கவும் வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடியும் பெருந்துயரம். அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பு, அறைகளுக்கு இடையே தூரம், மணி மருந்துக்குத் தனி இடம் என்று மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வகுத்த விதிகள் உயிர்களை எண்ணி எழுதப்பட்டவை. படப்பில் செருகிய ராக்கெட்டை அவற்றுக்குச் சமமாக வைக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ஈட்டுக் கணக்கு இரண்டு பேருக்கும் பொதுவானது, அதைத்தான் சொல்ல வந்தேன். விபத்துகளுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பேசப்படும் ஒரு விஷயம் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் பல பேருக்குப் பிரித்துவிடப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே வேதிப்பொருள் வாங்கி, தனித்தனியே கலந்து, அவசரத்தில் மரத்தடியிலும் ஆள் வைத்து வேலை வாங்குவார்கள். சரக்கு எல்லாம் ஒரே பெயரில் வெளியே போகும். இதைச் சட்டமீறல் என்று சொல்வோம். ஈட்டுக் கணக்கின் கண்ணால் பார்த்தால் அது வேறொன்றும்கூட. ஒரு குழாயிலிருந்து அதன் கலவைக்கும், கலவையிலிருந்து அதன் மூட்டைக்கும் போகிற நூல் அங்கே அறுந்துவிடுகிறது. குழாயின் மேல் உண்மையான ஈட்டு எண் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், உள்குத்தகை வெளிச்சத்துக்கு வராமல் இருக்க முடியாது. தெருவில் பிள்ளையின் கண்ணைக் காக்கும் அதே எண், அறையில் அவன் அம்மாவின் உயிரையும் காக்கும்.

அப்படியானால் இங்கே ஈடு என்பது எது? அமெரிக்க ஆலையைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். மேபெல் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 5,200க்கு மேல் மோட்டார் வரும். இயந்திரம் காலையில் ஓர் இழை விலகினால் அன்றைய மோட்டார் அத்தனையும் அந்த விலகலைச் சுமக்கும். அங்கே நாள்தான் ஈடு. நம் தொழில் கையால் நடப்பது. காலையில் ஒரு கலவை, அதை நான்கு பேர் செலுத்துகிறார்கள், வேறு இரண்டு பேர் திரி வைக்கிறார்கள், குழாய் வேறொரு ஊரில் வீட்டுத் திண்ணையில் உருட்டி வந்தது. நாள் என்ற அலகு இங்கே பெரியது, கரடுமுரடானது. ஒரு கலவை என்பதே சரியான ஈடு.

அந்த ஈட்டுக்கு ஆள் பெயரைச் சேர்க்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும் பெண்களின் மேல் குழாய்க்குக் குழாய் கணக்கு வைத்தால், அது பழுதைத் தேடும் கணக்காக இருக்காது. கூலியைப் பிடிக்கும் கணக்காக மாறும். பயந்த கை பழுதை மறைக்கும். இந்தத் தொழிலில் எந்தக் கலவை சரியில்லை என்று முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். மருந்து கையில் ஒட்டுவதும், கட்டி விழுவதும், நெடி மாறுவதும் விரலுக்கு முதலில் தெரியும். அதை எழுத ஓர் இடமும், எழுதினால் அன்றைய கூலி குறையாது என்ற உறுதியும் இருந்தால், அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடைக்காது.

கணக்கு என்றதும் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. பழுதை மட்டும் எண்ணினால் போதாது. நூற்றுக்கு ஒன்று பழுதாகக்கூடிய மோட்டார் வகை என்று வைத்துக்கொள்வோம். 24 எரித்தால் ஒன்றாவது பழுதாவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது யாருக்கும் நேரும், அதை வைத்து அந்த ஈட்டைக் குறை சொல்ல முடியாது. அதே 24 இல் மூன்று பழுதானால் கதை வேறு. வெறும் தற்செயலால் அப்படி நேர ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புகூட இல்லை. அந்த ஈட்டில் ஏதோ இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். என் படப்பு ராக்கெட் பத்தில் ஒன்று. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே பத்துப் பெட்டியில் ஒரு பெட்டிக்கு அது நேரும். என் ஒரு பெட்டியை வைத்து நான் அந்த ஆலையைக் குற்றம் சாட்டினால் அநியாயம். அதே அட்டைப்பெட்டியில் வாங்கிய மற்ற தெருக்காரர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் பேசலாம்.

மெஸ் படிவத்தின் பலவீனமும் இங்கேதான். ஒழுங்காக எரிந்த மோட்டாருக்கு யாரும் படிவம் நிரப்புவதில்லை. பழுதின் எண்ணிக்கை சங்கத்திடம் இருக்கிறது, மொத்த எண்ணிக்கை ஆலையின் ஏட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விகிதம் வரும். இதை மறந்ததற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் குளிரில் ஏவலாமா என்று பொறியாளர்கள் பேசியபோது, திட எரிபொருள் மோட்டாரின் ரப்பர் வளையங்கள் சேதப்பட்ட பறத்தல்களை மட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத பறத்தல்களையும் அதே தாளில் குறித்திருந்தால், அவை வெதுவெதுப்பான நாட்களில்தான் நடந்தன என்பது கண்ணில் அறைந்திருக்கும். மறுநாள் ஏழு பேர் போனார்கள்.

பெரிய ராக்கெட்டுகளின் உலகில் ஈட்டுக் கணக்கு மதத்துக்கு ஒப்பானது. திட எரிபொருளை வார்க்கும்போது அதே கலவையிலிருந்து சிறு மாதிரிகளும் வார்த்து, இழுத்துப் பார்த்து, எரித்துப் பார்த்து வைப்பார்கள். விண்ணோடத்தின் இரு பக்க மோட்டார்களின் துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒரே கலவை வரிசையிலிருந்து வார்த்தார்கள். வலதும் இடதும் ஒரே ஈடாக இருந்தால்தான் இழுப்பு சமமாக இருக்கும். நம்மவர்களின் சாதனை தும்பா ஏவுதளத்தில் இருக்கிறது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஆர்எச்-200 என்ற ஆய்வு ராக்கெட், 2022 நவம்பர் 23 அன்று தொடர்ந்து 200 ஆவது முறையாக வெற்றிகரமாகப் பறந்தது. நடுவில் எரிபொருளின் வகையையே மாற்றினார்கள், தொடர் அறுபடவில்லை. 200 இல் ஒன்றுகூடப் பழுதில்லை என்றாலும் பழுது விகிதம் பூஜ்யம் என்று புள்ளியியல் சொல்லாது. நூற்றுக்கு ஒன்றரைக்குள் இருக்கும் என்றுதான் சொல்லும். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். அதே ராக்கெட் வகை 2024 பிப்ரவரி 28 அன்று, குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில், நம் கடற்கரையிலிருந்து கிளம்பியது.

எல்லாக் கணக்கும் இருந்தும் தவறலாம் என்பதற்கு ஐரோப்பாவின் வேகா-சி ராக்கெட் சாட்சி. 2022 டிசம்பரில் அதன் இரண்டாம் கட்டத் திட மோட்டாரின் தொண்டைப் பகுதி அளவுக்கு மீறி அரிக்கப்பட்டு, இரண்டு செயற்கைக்கோள்கள் கடலில் விழுந்தன. விசாரணையில் தெரிந்தது: அந்தத் தொண்டைப் பகுதியின் கார்பன் பொருள் சீராக இல்லை, அதை ஏற்றுக்கொள்ள வைத்திருந்த அளவுகோல்கள் அந்தச் சீரின்மையைக் கண்டுபிடிக்கப் போதுமானவையாக இல்லை. எண் இருந்தது, ஏடு இருந்தது, கேட்ட கேள்வி தவறியது. நம் பசுமைப் பட்டாசின் கியூஆர் குறியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தக் குறி இது உண்மையான பசுமைப் பட்டாசா, போலியா என்று கேட்கிறது. பேரியம் இல்லையா, சத்தம் நான்கு மீட்டரில் 125 டெசிபலுக்குள்ளா என்று விதி கேட்கிறது. நல்ல கேள்விகள். இது எப்படிப் பறந்தது என்று மட்டும் எந்தக் குறியும் கேட்கவில்லை.

கேட்க வைப்பது சிவகாசிக்குப் பெரிய காரியமே அல்ல. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்க ஆரம்பித்து, நாடு முழுவதற்கும் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அடித்துக்கொடுக்கும் ஊர் அது. அந்த ஊர் அச்சகத்துக்கு ராக்கெட் குழாயின் மேல்தாளில் ஆறு இலக்கம் கூடுதலாக அடிப்பது ஒரு வேலையா? மேல்தாளில் எண் இருக்கட்டும், கலவை ஏட்டில் அதே எண் இருக்கட்டும். கடையில் அண்ணாச்சி பழுதான குழாயை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, எண்ணை விநியோகஸ்தருக்குச் சொல்லட்டும். அவர் கையில் மாற்றுப் பெட்டி கொடுக்கும் நல்ல மனசு ஏற்கனவே இருக்கிறது. வேறு ஈட்டுப் பெட்டியாகப் பார்த்துக் கொடுக்க அவருக்கு ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான்.

படப்பில் செருகிய அந்தக் குழாயை நான் எறியவில்லை. நனைந்த வைக்கோல் அதை அணைத்து, சிதறாமல் வைத்திருந்தது. காயவைத்துப் பார்த்தேன். களிமண் வாய் அப்படியே வட்டம் கெடாமல் இருக்கிறது. குழாயின் ஒரு பக்கம் அடியிலிருந்து முக்கால் உயரம் வரை நெடுகக் கிழிந்திருக்கிறது, கிழிசலின் ஓரம் உள்ளிருந்து வெளியே மடங்கியிருக்கிறது. மெஸ் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு: குழாய் பக்கவாட்டுக் கிழிசல். அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டம் நாள் குறி. குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சிவப்புத் தாளில் தங்க நட்சத்திரங்கள் அச்சிட்டிருக்கின்றன, அழகாகத்தான் இருக்கிறது.